கப்பலேறும் தேனிலவு

ஊட்டியும் கொடைக்கானலும் அலுத்துப்போன புதுமணத் தம்பதிகளின் பார்வை கடல் பக்கம் திரும்பியிருக்கிறது. கரமனையிலிருந்து முதல் முறையாகக் கப்பலேற நினைப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டியது நிறைய.

தை மாதத்தில் முகூர்த்தம். மாப்பிள்ளை வீடு திருவனந்தபுரம் கரமனையில், ஆற்றங்கரை அக்ரகாரத்தில். பெண் வீடு நாகர்கோவிலில் என்று வைத்துக்கொள்வோம். மண்டபம் பேசியாகிவிட்டது. சமையல்காரருக்கு அட்வான்ஸ் போயாயிற்று. பத்திரிகைக்கு மஞ்சள் தடவும் வேலையும் முடிந்தது. பாக்கி இருப்பது ஒரே கேள்விதான். தேனிலவுக்கு எங்கே?

அப்பா தலைமுறைக்கு இது கேள்வியே இல்லை. கன்னியாகுமரியில் ஒரு சூரியோதயம், சுசீந்திரத்தில் ஒரு தரிசனம், அத்தோடு சரி. அடுத்து வந்தவர்கள் மூணாறுக்கும் கொடைக்கானலுக்கும் போய் சால்வை போர்த்திக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். இப்போதைய ஜோடியின் செல்போனில் வந்து நிற்பது பதினோரு மாடிக் கப்பல். நீச்சல் குளம், நாடக அரங்கு, மொட்டை மாடியில் அஸ்தமனம். 1997இல் வந்த டைட்டானிக் படத்தின் கப்பல் முனைக் காட்சி மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. படத்தின் முடிவு வசதியாக மறந்துவிடுகிறது.

கப்பலும் தமிழனும் புதிதாகச் சந்திக்கவில்லை. 1926இல் கட்டப்பட்ட ராஜுலா என்ற கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்களைச் சுமந்தது. அதற்குப்பின் வந்த சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்தது, உயிர்கள் போயின, அத்துடன் அந்தச் சேவையும் நின்றது. அந்தக் காலத்தில் கப்பலேறியவர்கள் பிழைப்புக்காகப் போனார்கள். குடும்பத்தைக் கரையில் விட்டுவிட்டு அழுதுகொண்டே போனார்கள். மானம் கப்பலேறிவிட்டது என்று புலம்பிய சமூகம், கல்யாணம் முடிந்த கையோடு மனைவியுடன் சந்தோஷமாகக் கப்பலேறப் பார்ப்பது புதுசு.

ஆசை புதுசு என்பதாலேயே ஏமாற்றங்களும் புதுசு. கொடைக்கானலில் ஹோட்டல் பிடிக்காவிட்டால் அடுத்த தெருவில் வேறு ஹோட்டல் உண்டு. நடுக்கடலில் அடுத்த தெரு இல்லை.

எந்தத் துறைமுகம்?

கரமனைக்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாட்டின் மிகப்பெரிய கப்பல்கள் அவர்கள் வீட்டிலிருந்து அரை மணி, முக்கால் மணி தூரத்தில் வந்து நிற்கின்றன. 2025 மே 2ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி நாட்டுக்கு அர்ப்பணித்த விழிஞ்ஞம் துறைமுகம் அது. ஆனால் அது சரக்குப் பெட்டிகளை ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்காகக் கட்டப்பட்டது. கோவளம் கடற்கரையில் நின்று அந்தக் கப்பல்களைப் பார்க்கலாம். தேனிலவுக்கு ஏற முடியாது.

ஆக, வடக்கே போக வேண்டும். சுமார் 200 கி.மீ. தொலைவில் கொச்சி. 2023 ஏப்ரலில் தொடங்கிய வந்தே பாரத் ரயிலில் மூன்று மணி நேரத்துச் சொச்சத்தில் எர்ணாகுளம் போய்விடலாம். வில்லிங்டன் தீவில் பயணிகள் கப்பலுக்கென்றே சாகரிகா என்ற முனையம் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கொச்சிக்கு வரும் உல்லாசக் கப்பல்களில் பெரும்பாலானவை வேறு ஊரில் புறப்பட்டு, கொச்சியில் ஒரு பகல் நின்று போகிறவை. மட்டாஞ்சேரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அதே பயணிகள் திரும்ப ஏறிக்கொள்வார்கள். கொச்சியிலேயே ஏறி, கொச்சியிலேயே இறங்கும் பயணம் கிடைக்கிறதா என்பதை ஒவ்வொரு சீசனிலும் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி சென்னை. 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கிய கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலை, 2022 ஜூன் 4ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினார். அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என மூன்று துறைமுகங்கள். கடைசிப் பெயரைக் கேட்டதும் ஈழத்து உறவுகள் உள்ள குடும்பங்களில் நெஞ்சம் சற்றே அசைந்திருக்கும். கரமனைக்காரர்கள் அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஓர் இரவு பயணம் செய்து சென்னை போகலாம். ஆனால் கப்பல் புறப்படும் அதே காலையில் சென்னை போய்ச் சேரும்படி டிக்கெட் எடுப்பது அறிவீனம். ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, கட்டிய பணமும் திரும்பாது. ஒருநாள் முன்னதாகப் போவதே பாதுகாப்பு.

மூன்றாவது சிங்கப்பூர். திருவனந்தபுரத்திலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. 2012இல் திறக்கப்பட்ட மரினா பே முனையத்திலிருந்து பினாங்கு, புக்கெட் என்று மூன்று நான்கு இரவுப் பயணங்கள் கிடைக்கின்றன. போட்டி அதிகம் என்பதால் கப்பல் கட்டணம் சில சமயம் வியப்பூட்டும் அளவுக்கு மலிவு. விமானக் கட்டணத்தையும் விசாவையும் கூட்டிப் பார்த்தால் வியப்பு குறையும்.

தீவுக்குப் போகும் பஸ்

இந்த மூன்றிலும் சேராத ஒன்று, கேரளக்காரர்களுக்கே உரிய ஒன்று, லட்சத்தீவு. கொச்சியிலிருந்து 220 முதல் 440 கி.மீ. தூரத்தில் 36 தீவுகள். மனிதர்கள் வசிப்பது 10இல்தான். கப்பலில் 14 முதல் 18 மணி நேரம். லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பு 'சமுத்திரம்' என்ற பெயரில் நடத்திவந்த ஐந்து நாள் பயணத்தில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய தீவுகளைப் பகலில் பார்க்கலாம். இரவு முழுவதும் கப்பலில்தான். 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே போய் வந்த பிறகு லட்சத்தீவைப் பற்றிய விசாரிப்பு நாடெங்கும் எகிறியது.

ஆனால் இது உல்லாசக் கப்பல் அல்ல. தீவு மக்களுக்கு இதுதான் பஸ். ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கவும் அவர்கள் கொச்சிக்கு வருவது இந்தக் கப்பல்களில்தான். நாடக அரங்கையும் நீச்சல் குளத்தையும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். கடலையும், பளிங்கு போன்ற காயலையும், பவழப்பாறையையும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்குக் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும்.

புதுமணத் தம்பதிகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. இந்தக் கப்பல்களில் முதல் வகுப்பு என்றால் இருவர் தங்கும் அறை. இரண்டாம் வகுப்பு என்றால் நான்கு படுக்கைகள் கொண்ட அறை. காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று மாப்பிள்ளை இரண்டாம் வகுப்பில் டிக்கெட் எடுத்தால், தேனிலவை முன்பின் தெரியாத இருவருடன் பகிர்ந்துகொள்ள நேரிடும்.

இன்னொன்று. தீவைச் சுற்றிப் பவழப்பாறை இருப்பதால் பெரிய கப்பல் பல இடங்களில் கரையை ஒட்டி வராது. ஆழக்கடலில் நிற்கும், அதன் பக்கவாட்டுக் கதவிலிருந்து ஆடும் சிறு படகில் கால் வைத்து இறங்க வேண்டும். பட்டுப்புடவைக்கும் குதிகால் செருப்புக்கும் இது இடமில்லை. தீவுவாசிகள் அல்லாத யாரும் முன் அனுமதி இல்லாமல் அங்கே நுழைய முடியாது என்பதால் அனுமதிச் சீட்டுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மக்கள் வசிக்கும் தீவுகளில் மது கிடையாது. கரமனையின் பெரியவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே லட்சத்தீவுக்கு ஓட்டுப் போடக்கூடும்.

பெயரில் இருக்கிறது

வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடும் கப்பல் என்றால் முதல் தலைவலி பணமல்ல, பெயர். கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர், ஆதாரில் இனிஷியலுடன் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதிய ஒரு பெயர். தமிழர்களுக்கு இது சர்வசாதாரணம். கப்பல் கம்பெனிக்கோ பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஓர் எழுத்தும் பிசகாமல் வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக, ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சிக்கல் கூடுதல். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அப்படிப்பட்டவர்களுக்குச் சுற்றுலா விசா தராது என்று அறிவித்தபோது தென்னிந்தியாவில்தான் அதிகக் கலக்கம். அப்பா பெயர் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. குளிர்காலத்தில் துபாயிலிருந்து கப்பலேற நினைப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

மணப்பெண் விஷயத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு, டிக்கெட்டைக் கணவன் பெயர் சேர்த்துப் பதிவு செய்வது. கல்யாணமானதும் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பிறந்த வீட்டுப் பெயரில் உள்ள பாஸ்போர்ட் செல்லும்; அந்தப் பெயரிலேயே டிக்கெட் எடுத்தால் போதும். பெயர் மாற்றத்தை ஊருக்குத் திரும்பி வந்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். கேரளத்தில் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி எல்லா மதத்தினரும் திருமணத்தை 45 நாளுக்குள் உள்ளாட்சி அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். புறப்படுமுன் அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கிவிட்டால் எங்கும் உதவும்.

விசாவிலும் ஒரு பொறி உண்டு. சிங்கப்பூரில் ஏறி, மலேசியா போய், மீண்டும் சிங்கப்பூரில் இறங்குகிறவர் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறார். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா எதுவானாலும் திரும்பும்போது கழுத்தைப் பிடிக்கும். பாஸ்போர்ட் காலாவதியாகக் குறைந்தது ஆறு மாதமாவது இருக்க வேண்டும்.

விளம்பரத்தில் இல்லாத வரிகள்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் கட்டணம், இருவர் ஓர் அறையில் தங்கினால் ஒருவருக்கு ஆகும் தொகை. இரண்டால் பெருக்குங்கள். அதன்மேல் துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம். பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகள் பலவற்றில் இந்தக் கடைசி அயிட்டம் மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலருக்கு மேல். வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜ் என்றால் வருமானவரியும் முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள். கணக்குத் தாக்கல் செய்து அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும் அன்றைக்குக் கையிலிருந்து போவது போவதுதான்.

கப்பலுக்குள் பணத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. அறைச் சாவியாக ஓர் அட்டை கொடுப்பார்கள். குளிர்பானத்துக்கும் போட்டோவுக்கும் மசாஜுக்கும் அதையே தேய்ப்பார்கள். கடைசி இரவில் கதவுக்கடியில் பில் வரும். சாப்பாடு கட்டணத்தில் சேர்ந்தது. இந்தியப் பயணிகளை நம்பி ஓடும் கப்பல்களில் சைவத்துக்குப் பஞ்சமில்லை, ஜைன உணவுகூட உண்டு. மற்ற கப்பல்களில் பதிவு செய்யும்போதே எழுத்தில் கேட்டுவைப்பது நல்லது. மது, கரையில் சுற்றிக்காட்டும் பஸ், இன்டர்நெட் எல்லாம் பெரும்பாலும் தனிக் கணக்கு.

செல்போன் இன்னும் மோசம். கரை மறைந்ததும் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். நம்மூர் ரோமிங் திட்டம் அதற்குப் பொருந்தாமல் போகலாம். விமானத்தில் செய்வதுபோல இணைப்பைத் துண்டித்துவிடுவதே உத்தமம். தினமும் ராத்திரி போன் வரும் என்று காத்திருக்கும் அம்மாவிடமும் மாமியாரிடமும் இதை முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கரமனையில் யாரோ கடலோரக் காவல்படையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கம்பெனியே கரையேறாமல் போவதும் உண்டு. 2019 ஏப்ரலில் ஆரவாரத்துடன் மும்பைக்கு வந்த ஜலேஷ் நிறுவனத்தின் கர்ணிகா கப்பல் கொரோனாவில் முடங்கியது. 2020 இறுதியில் அது குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைக்கப்படுவதற்காக நின்றது. 2022 ஜனவரியில் ஹாங்காங்கின் ஜென்டிங் நிறுவனம் திவாலானபோது அதன் ட்ரீம் குரூயிஸ் மூடப்பட்டது. ஒரு வருடம் கழித்துச் செய்யப்போகும் பயணத்துக்கு முழுப் பணத்தையும் இன்றே கட்டுமுன் இவற்றை நினைத்துப் பார்ப்பது நல்லது.

வழியும் மாறலாம். 2022 ஜூனில் சென்னையிலிருந்து போன உல்லாசக் கப்பலுக்குப் புதுச்சேரி அரசு அனுமதி தரவில்லை. பயணிகள் கரையைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. எந்தத் துறைமுகத்தையும் தவிர்க்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு என்று டிக்கெட்டின் பொடி எழுத்தில் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள் குறைவு.

நம்மூர்க் குடும்பங்களுக்கு இன்னொரு கவலை. நெருங்கிய உறவில் ஒரு சாவு விழுந்தால் கல்யாணத் தேதியே தள்ளிப்போகும். புறப்படும் நாள் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் ஏறும். கடைசி நாட்களில் ஒரு பைசாகூடத் திரும்பாத திட்டங்களே அதிகம். பயணக் காப்பீடு எடுக்கும்போது, எந்த உறவினரின் மரணத்துக்கு இழப்பீடு உண்டு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரியப்பா நமக்கு நெருங்கிய உறவு; பாலிசிக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை.

தை பிறந்தால்

எப்போது போவது? ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கேரளக் கரையில் விசைப்படகுகளே ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை கடைசி வரை கடலுக்குப் போகாது. படகுக்காரர்கள் கரையில் வலை பின்னும் நாளில் தேனிலவுக்காரர்கள் அரபிக்கடலில் இறங்க வேண்டியதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல் சீசன். குமரிக்கடலும் விதிவிலக்கல்ல என்பதை 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் திருவனந்தபுரம், கன்னியாகுமரி மீனவக் கிராமங்களுக்குக் கொடூரமாக உணர்த்திவிட்டுப் போனது.

மிச்சமிருப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைக்காத வழக்கம் கப்பலேறுகிறவர்களுக்கும் பொருந்திப்போகிறது. தை முகூர்த்தக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

அமைதியான கடலிலும் சிலருக்குத் தலை சுற்றும். இங்கே அறையின் இடம் முக்கியம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு அரசு பஸ்ஸில் போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடைசி சீட்டில் உட்கார்ந்தால் தூக்கிப் போடும், நடு சீட்டில் அவ்வளவாகத் தெரியாது. கப்பலும் சீசாப் பலகை மாதிரி நடுவை மையமாக வைத்துத்தான் ஆடுகிறது. முனைகளிலும் மேல் மாடிகளிலும் ஆட்டம் அதிகம்; நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் குறைவு. பால்கனி அறை அழகுதான், விலையும் அதிகம். மூன்று இரவுப் பயணத்தில் பெரும்பகுதி நேரம் வெளியில்தான் கழியும். ஜன்னல் இல்லாத உள்ளறை மலிவு என்றாலும் விளக்கை அணைத்தால் நடுப்பகலும் நள்ளிரவாகிவிடும். ஜன்னல் மட்டும் உள்ள நடுத்தர அறையில் கடலும் தெரியும், கையும் சுடாது. பதிவு செய்யும்போதே, இரண்டு தனிக் கட்டில்களையா ஒரே இரட்டைக் கட்டிலையா போடுவார்கள் என்று வெட்கப்படாமல் கேட்டுவிட வேண்டும்.

மாத்திரை தேவைப்படுகிறவர்கள் டாக்டரைக் கேட்டு, கப்பல் புறப்படுமுன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. வெறும் வயிறும் கூடாது, விருந்துச் சாப்பாடும் கூடாது. கண்ணைத் தூரத்து அடிவானத்தில் நிறுத்தினால் தலைசுற்றல் அடங்கும். இஞ்சிமுரப்பா ஒரு பொட்டலம் பையில் இருக்கட்டும்.

புறப்படும் அன்று லைஃப் ஜாக்கெட் பயிற்சி உண்டு. அலுப்பாக இருக்கிறதென்று அறையிலேயே இருந்துவிடக் கூடாது. 2012 ஜனவரி 13 இரவு இத்தாலிக் கரையோரம் பாறையில் மோதிய கோஸ்டா கன்கார்டியா கப்பலில் 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகள் பலருக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. புறப்படுமுன்னோ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தே தீர வேண்டும் என்று சர்வதேச விதி அதற்குப் பிறகுதான் மாறியது.

முதலில் ஒத்திகை

பெரிய பணத்தைக் கட்டுமுன் சின்னதாக ஓர் ஒத்திகை பார்க்க வழியிருக்கிறது. ஆலப்புழையில் கெட்டுவள்ளத்தில் ஓர் இரவு என்றால் எல்லோருக்கும் தெரியும். கயிற்றால் பிணைத்த பலகைப் படகு, கரிமீன் வறுவல், தென்னை நிழல். அது சுகம்தான், ஆனால் கடலுக்கு ஒத்திகை ஆகாது. காயலில் அலை கிடையாது. மாலையில் மீனவர்கள் வலை விரிக்கும் நேரத்தில் படகு கரையில் கட்டப்பட்டுவிடும்.

கொச்சியில் கேரள அரசின் உள்நாட்டு நீர்வழிக் கழகம் நடத்தும் நெஃபர்டிட்டி கப்பலே பொருத்தமான ஒத்திகை. எகிப்திய அரசியின் பெயர், 48.5 மீட்டர் நீளம், 200 பேருக்கு இடம். சில மணி நேரம் அரபிக்கடலுக்குள் போய்த் திரும்பும். கேரள அரசு பஸ் கழகத்தின் பட்ஜெட் டூரிசப் பிரிவு டிப்போக்களிலிருந்து பஸ்ஸும் கப்பலும் சேர்த்தே டிக்கெட் போட்டிருக்கிறது. அந்தச் சில மணி நேரத்தில் வயிறு என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும். ஒருவர் உற்சாகமாக டெக்கில் நிற்க, இன்னொருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினால், மூணாறு இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

2024 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய குரூயிஸ் பாரத் திட்டம், கடல் உல்லாசப் பயணிகளின் எண்ணிக்கையை 2029க்குள் 10 லட்சமாக்கப் போவதாகச் சொல்கிறது. அந்தக் கூட்டத்தில் கரமனை ஜோடியும் இருக்கலாம். ஊட்டியா கொடைக்கானலா என்பதை வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். கப்பல் விஷயத்தில் பெரியவர்களுக்கு அனுபவம் இல்லை. எந்த அறை, எவ்வளவு செலவு, யார் பெயர் எப்படி என்று இருவரும் உட்கார்ந்து பேசித்தான் தீர வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்து எடுக்கும் முதல் பண முடிவு இதுவாகவும் இருக்கக்கூடும். அதில் சண்டை வராமல் கரைசேர்ந்தால் கடலைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை.

முன்பணம் கட்டுமுன் ஏஜென்டிடம் கேட்க வேண்டியவை

* வரி, துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து இருவருக்கும் மொத்தம் எவ்வளவு?
* அறை எந்தத் தளத்தில், கப்பலின் எந்தப் பகுதியில்? ஜன்னலை உயிர்காக்கும் படகு மறைக்கிறதா?
* தேதி மாற்றினாலோ ரத்து செய்தாலோ எந்த நாளில் எவ்வளவு திரும்ப வரும்? எழுத்தில் தர முடியுமா?
* ஒரு துறைமுகத்தில் இறங்க முடியாவிட்டால் அதற்கு என்ன கழிவு?
* பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தான் டிக்கெட்டிலும் இருக்கிறதா? விசா எத்தனை முறை நுழைய அனுமதிக்கிறது?
* கப்பல் டாக்டரின் கட்டணம் காப்பீட்டில் அடங்குமா?